துக்கம் விசாரிக்க யாரும் வராத வீட்டுக்கு

நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் சாமியானா ஏறும், நாற்காலிகள் வந்து இறங்கும், பக்கத்து வீட்டிலிருந்து ஃப்ளாஸ்க்கில் காபி வரும், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டப்படும். யார் யாரைக் கட்டிக்கொண்டு அழலாம் என்பதற்குக்கூட முறை இருக்கிறது. ஆனால் நான்கு வருடம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த இரண்டு ஆண்களில் ஒருவர் இறந்துபோனால், மற்றவர் அந்தச் சாமியானாவில் எங்கே உட்கார்வார்? "ரூம்மேட்" என்று ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைக்கும். அவரிடம் துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள்.

இது அவருக்காகவும், அவரைப் போன்ற பால்புதுமையினருக்காகவும் (தன்பாலீர்ப்பு கொண்டவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள்), அவர்களைச் சுற்றி நிற்கப்போகும் நண்பர்களுக்காகவும் எழுதப்படுகிறது. தற்கொலை, கொலை, விபத்து, நோய் எதுவானாலும் சென்னையில் நடந்தால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும், எங்கே தவறும் என்பதைச் சொல்கிறோம்.

முதல் சில மணி நேரம்

செய்தி வந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும், குரூப்பில் போட வேண்டும் என்று. போடாதீர்கள். முதலில் யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தச் சாவு யாரை அதிகமாக அடிக்கும்? துணை, முன்னாள் துணை, குரு, சேலா (திருநங்கையர் சமூகத்தில் மூத்தவரும் அவரிடம் சீடராகச் சேர்ந்தவரும்), ஒரே அறையில் இருந்த தோழி. அந்த ஆளுக்கு வாட்ஸ்அப்பில் தெரியவரக்கூடாது. நேரில் போய்ச் சொல்ல முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஃபோனில், "எங்க இருக்க? உட்கார்ந்திருக்கியா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கத்திப்பாரா மேம்பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் சொல்லக்கூடாது. "இறந்துட்டாங்க" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "சீரியஸா இருக்கு, உடனே வா" என்று பொய் சொல்லி வரவழைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை நம்பி ஓடிவருகிறவர் பிணவறை வாசலில் உண்மையைத் தெரிந்துகொண்டால், ஏமாற்றியவர் மீதான கோபம் மாதக்கணக்கில் போகாது. அந்த நேரத்தில் அவருக்கு இருக்கும் ஒரே நண்பர் நீங்களாகவும் இருக்கலாம்.

அடுத்து வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஒருவர் துக்கப்பட்டவரோடு இருப்பதற்கு மட்டும். இன்னொருவர் மருத்துவமனை, காவல் நிலையம், ஃபோன் என்று ஓடுவதற்கு. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் இரண்டும் கெடும்: அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் ஃபோன் பேச நேரும். கூட இருப்பவர் தன் ஃபோனை சைலண்டில் போட்டுவிட வேண்டும். ஓடுபவர் இறந்தவரோடு ரொம்ப நெருக்கம் இல்லாதவராக இருப்பது நல்லது. காவல் நிலையத்தில் குரல் உடையாமல் பேச அவரால்தான் முடியும்.

தற்கொலை என்றால் இன்னொன்றும் உண்டு. சிறிய வட்டத்தில் ஒரு தற்கொலை நடந்தால் ஏற்கெனவே நொந்து போயிருக்கும் மற்றவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல், "உனக்கும் செத்துப்போகணும்னு தோணுதா?" என்று கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்ட பிறகுதான் பலர் மூச்சு விடுகிறார்கள். "ஆமாம்" என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416 இரவும் பகலும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். 1986-இல் தொடங்கிய சென்னையின் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. அந்த நிமிடமே உயிருக்கு ஆபத்து என்றால் 108.

பிணவறையும் காவல் நிலையமும்

இயற்கையான மரணம் அல்ல என்றால் காவல்துறை வழக்குப் பதியும். பழக்கத்தில் இன்னும் "174 கேஸ்" என்றுதான் பேச்சு. 2024 ஜூலை 1 முதல் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவு. பிரேத விசாரணை முடிந்து, பிரேதப் பரிசோதனை முடிந்து, அதன் பிறகே உடல் கிடைக்கும். பொதுவாகப் பொழுது சாய்ந்த பின் பிரேதப் பரிசோதனை செய்ய 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் தற்கொலை, கொலை, சந்தேக மரணம் போன்றவை அந்த அனுமதியில் இல்லை. ஆகவே மாலையில் ராயப்பேட்டைக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ ஸ்டான்லிக்கோ உடல் வந்தால் மறுநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் இரவெல்லாம் வாசலில் நிற்க வேண்டாம். இரண்டு பேர் போதும், மற்றவர்கள் தூங்கிவிட்டுக் காலையில் வரட்டும்.

காவல்துறை வந்து பார்ப்பதற்கு முன் அறையில் எதையும் எடுக்காதீர்கள். இதில்தான் நல்ல எண்ணத்தோடு பலர் தவறு செய்கிறார்கள். வீட்டார் பார்த்துவிடக்கூடாது என்று படங்களையும் துணிகளையும் மருந்துகளையும் அள்ளிக்கொண்டு போவார்கள், இறந்தவரின் ஃபோனில் சாட்டுகளை அழிப்பார்கள். நாளை சந்தேகம் என்று வந்தால் அது தடயத்தை அழித்ததாகிவிடும், சிக்குவது துணைதான். அதற்குப் பதிலாக, விசாரணை அதிகாரியைத் தனியாகச் சந்தித்து, "சார், இந்தப் பொருட்களப் பத்தி வீட்ல தெரியாது. பட்டியல்ல எழுதிக்கோங்க, ஆனா அவங்க முன்னால எடுத்து வைக்க வேணாம்" என்று கேளுங்கள். எச்.ஐ.வி. மருந்து இருந்தால், சம்மதம் இல்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது என்று நினைவூட்டலாம்.

காவலர்கள் தரக்குறைவாகப் பேசினால் சண்டை போட வேண்டாம், பெயர், நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதி வையுங்கள். தமிழ்நாடு சார்நிலைக் காவல் அலுவலர்கள் நடத்தை விதிகளில் 2022 பிப்ரவரியில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையினரையும் அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக்கூடாது என்பது அந்த விதி. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவின் தொடர்ச்சியாக வந்தது. விதியின் எண்ணைச் சொன்னாலே பேச்சின் தொனி மாறுவது உண்டு. வழக்கறிஞர் கைவசம் இல்லையென்றால் சட்ட உதவிக்கு 15100.

உடல் யாருக்கு? ரத்த உறவு இருக்கும்வரை அவர்களுக்குத்தான் என்பதே நடைமுறை. நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணை உடலைப் பெற்றுக்கொள்ள வழிசெய்யும்படி மத்திய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதை அச்செடுத்து ஒரு ஃபைலில் வைத்திருங்கள். பிணவறை அலுவலகத்தில் பலருக்கு அது தெரிந்திருக்காது, காகிதமாகக் காட்டினால் கேட்பார்கள். 'தேர்ந்தெடுத்த குடும்பம்' (ரத்த உறவில்லாமல் நாமே அமைத்துக்கொள்ளும் குடும்பம்) என்ற கருத்தை 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமே ஏற்றுப் பேசியது. அது ஆட்கொணர்வு வழக்கு ஒன்றில் வந்த தீர்ப்பு. உடலைக் கேட்டு வாதாடுகையில் ஒரு துணையாக நிற்குமே தவிர, பெற்றோரை மீறி உடலை வாங்கித் தராது.

ஆகவே பெரும்பாலான நேரம் வழக்குப் பேச்சால் ஆவதில்லை, மனிதர்களோடு பேசித்தான் ஆக வேண்டும். வீட்டார் வெளியூர்க்காரர்கள் என்றால், திருநெல்வேலியிலிருந்து வந்துசேரச் சுமார் பத்து மணி நேரம் ஆகும். அந்தப் பத்து மணி நேரத்துக்குள் துணை முகம் பார்த்துவிட வேண்டும். பிணவறை ஊழியரிடம், "அண்ணே, கூடவே தங்கியிருந்தவரு. வீட்டுக்காரங்க வர்றதுக்குள்ள ஒரு தடவ முகம் பாத்துக்கட்டும்" என்று கேளுங்கள். அடையாளம் காட்ட ஆள் தேவைப்படும் இடத்தில் துணையே போகலாம், ஆனால் கூட ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தில் பேசக்கூடியவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் அக்கா, தங்கை, சித்தி இவர்களில் ஒருவராக இருப்பார். அப்பாவிடம் முதலில் போகாதீர்கள்.

திருநங்கை ஒருவர் இறந்தால், வீட்டார் முடியை வெட்டி வேட்டி கட்டி ஆணாக அடக்கம் செய்துவிடும் கொடுமை இன்றும் நடக்கிறது. தடுக்க வேண்டுமானால் உடல் பிணவறையை விட்டு வெளியே வருவதற்கு முன் பேச வேண்டும். வெளியே வந்துவிட்டால் ஊர்க்காரர்கள் கையில் போய்விடும். அவர் உடுத்திய புடவை, பொட்டு, வளையல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, குரு அல்லது ஜமாத்தில் (திருநங்கையர் குழுவில்) மூத்தவர் ஒருவரோடு தாயாரிடம் போங்கள். "அம்மா, அவ ஆசையா கட்டின புடவம்மா" என்று கையில் கொடுங்கள். வாதமே வேண்டாம். பையை வாங்கிக்கொண்டு அழும் தாய், எத்தனையோ தடவை சரி என்றிருக்கிறார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உடலுக்காக அங்கே தள்ளுமுள்ளு வேண்டாம். சென்னையில் நம் இடத்தில் அவருடைய உண்மையான படத்தை வைத்து அஞ்சலி செய்யலாம்.

குடும்பம் கைவிட்டுவிட்டால் நம்மவர்களே அடக்கம் செய்யலாம். அரசு மருத்துவமனையிலிருந்து உடலை எடுத்துச்செல்ல இலவச அமரர் ஊர்திக்கு 155377. மாநகராட்சி மயானங்களில் எரிக்கவோ புதைக்கவோ கட்டணம் கிடையாது, யாராவது கேட்டால் 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே அனுப்புவார்கள். வீட்டில் இறந்தால் நாம் செய்ய வேண்டும். சான்றிதழில் ஆதாரில் இருக்கும் பெயர்தான் வரும் என்பதால் எழுத்துப்பிழையை அன்றே பார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவதற்கு நடையாய் நடக்க வேண்டும்.

சொன்னதும் சொல்லாததும்

இறந்தவர் தன் வீட்டில் சொல்லாததை நாம் சொல்லக்கூடாது. "இனி என்ன மறைப்பு, உண்மை தெரியட்டும்" என்று சிலர் வாதிடுவார்கள். அந்த உண்மையின் பின்விளைவு இறந்தவரோடு நிற்பதில்லை. துணையின் வீட்டுக்கும், வேலைக்கும், வீட்டு ஓனருக்கும் போகும். இன்ஸ்டாகிராமில் எழுதுகிறவர்கள், நெருங்கியவர்களுக்குத் தெரிவித்தாயிற்று என்று உறுதியான பிறகு எழுதுங்கள். முழுப் பெயர், ஊர், வேலையிடம், இறந்த முறை நான்கையும் தவிர்த்துவிடுங்கள். தற்கொலை என்றால் "கடைசியில் நிம்மதி கிடைத்தது" என்று எழுதாதீர்கள். வாசிக்கிற பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது வழி காட்டுவதுபோல் ஆகிவிடும். பதிவின் முடிவில் 14416 போடுங்கள்.

செய்தியாளர்கள் அழைத்தால் பேச ஒரே ஆளை நியமியுங்கள். துணையின் எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள். திருநங்கையைப் பழைய பெயரில் எழுதினால் உடனே திருத்தச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்ச் சொற்களுக்கு, பால்புதுமையினரைக் குறிக்கத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலைச் சுட்டிக்காட்டலாம்.

பதினாறு நாள்

துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கம்தான் சோறு போடும். துணை மட்டும் தனித்து நிற்கும் வேளச்சேரி ஃப்ளாட்டுக்கு அக்கம்பக்கத்திலிருந்து யார் வருவார்கள்? நாம் போக வேண்டும். பதினாறாம் நாள் வரைக்குமாவது யார் எப்போது வருவது என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். ஆறு பேர் இருந்தால் நன்றாக ஓடும். பகலில் ஒருவர், இரவில் தங்க ஒருவர். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு இரவு தங்கக்கூடாது. மூன்றாவது நாள் அவரே சுருண்டு விழுவார், அதோடு முறை கலைந்துவிடும். முன்னாள் காதலர்களைச் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சென்னைக்குள் நம் வட்டம் சின்னது, யாரோ ஒருவர் யாருக்கோ முன்னாள் காதலராகத்தான் இருப்பார். துக்கப்பட்டவரிடமே கேளுங்கள். அவர் சரி என்றால் சரி.

போகும்போது "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். அவருக்குச் சொல்லத் தெரியாது. பால் பாக்கெட், இட்லி, ஒரு இளநீர், ஃபோன் சார்ஜர் வாங்கிக்கொண்டு போய் வையுங்கள். பாத்திரம் கழுவுங்கள். இறந்தவரின் செருப்பு வாசலில் கிடந்தால் எடுத்து வைக்காதீர்கள், துவைக்காத சட்டையைத் துவைத்துப் போடாதீர்கள். சுத்தம் செய்கிறோம் என்று அந்த வாசனையைப் போக்கிவிட்டால் திரும்பக் கிடைக்காது. எதை எப்போது எடுப்பது என்று அவர் சொல்லட்டும்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். இந்த வீட்டில் அந்த வழக்கத்தை மீறுங்கள். "நான் கிளம்பறேன். ஏழு மணிக்கு அவ வருவா, ராத்திரி இங்கதான் இருப்பா" என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள். கதவு சாத்தும் சத்தத்துக்குப் பிறகு வரும் அமைதிதான் அவரை அதிகம் பயமுறுத்தும். அடுத்து வரப்போகிற ஆளின் பெயர் தெரிந்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடுவார்.

சொல்லக் கூடாதவை நிறைய. "அவங்கள மாதிரி இன்னொருத்தர் கிடைப்பாங்க", "அவங்க வீட்டுல அவங்கள ஏத்துக்கிட்டிருந்தா இப்படி ஆகியிருக்காது", "நீ அன்னிக்கு ஃபோன் எடுத்திருக்கணும்". கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லாவிட்டாலும் அவர் தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருப்பார். அதை மறுத்து வாதிடாமல், அன்று என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லவிட்டுக் கேளுங்கள். ஒரே கதையை நாற்பது தடவை சொன்னாலும் நாற்பத்தோராவது தடவையும் கேட்க வேண்டும்.

வீட்டோடு இருக்கிறவர் என்றால் இன்னும் சிரமம். அம்மாவுக்குத் தெரியாமல் அழ வேண்டும். "ஆஃபீஸ்ல கூட வேல பாத்தவரு, ரொம்ப நெருக்கம்மா" என்று ஒரு காரணம் தயாராக இருக்கட்டும். அழுவதற்கு ஒரு நண்பர் வீட்டின் சாவி அவரிடம் இருக்கட்டும். அலுவலகத்தில் "நெருங்கிய நண்பர் இறந்துவிட்டார்" என்று விடுப்பு கேட்டால் ஒரு நாள்தான் தருவார்கள் என்பதால், மருத்துவர் சான்றோடு மருத்துவ விடுப்பாக எடுப்பது எளிது.

பதினாறாம் நாள் குடும்பம் காரியம் செய்யும்போது நாமும் தனியாக ஒன்று செய்யலாம். சடங்கில்லாத துக்கம் எங்கேயும் இறங்காமல் நிற்கும். திருநங்கையர் சமூகத்துக்கு இது நன்றாகத் தெரியும். கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவருக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். நாமும் நமக்கென ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அச்சடிக்கலாம். தெருவில் ஒட்ட முடியாது, அறைச் சுவரில் ஒட்டுங்கள். அவருக்குப் பிடித்த படம், அவர் தேர்ந்தெடுத்த பெயர், தோற்றம், மறைவு. கீழே வழக்கமாகக் குடும்பத்தார் பெயர் வரும் இடத்தில் துணையின் பெயரை முதலில் போட்டு, பிறகு நண்பர்கள் பெயர். அந்தப் பெயர் வரிசையைப் பார்க்கும்போதுதான் பல துணைகள் முதன்முறையாக வாய்விட்டு அழுகிறார்கள்.

கூடிப் பேசுவது

ஒரு மாதத்துக்குள் ஒரு பகிர்வு வட்டம் நடத்துங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர், ஒன்றரை மணி நேரம், நடத்த இருவர். பன்னிரண்டுக்கு மேல் போனால் பாதிப் பேர் பேசாமலே திரும்புவார்கள். நடத்துகிறவர்களில் ஒருவர் பேச்சைக் கவனிக்க, மற்றவர் எழுந்து வெளியே போகிறவர் பின்னால் போக. பெசன்ட் நகர் கடற்கரை வேண்டாம், சத்தமும் தெரிந்தவர்களும் அதிகம். காபி ஷாப்பில் அழ முடியாது. மூடக்கூடிய கதவுள்ள அறை, மெட்ரோ அல்லது மின்சார ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம், ஞாயிறு மாலை மூன்றரை மணி. எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டிய பெண்களும் திருநம்பிகளும் வர வேண்டுமானால் இந்த நேரம்தான் சரி. ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஆண்களே வருவார்கள், பிறகு "பெண்கள் ஏன் வருவதில்லை" என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

விதிகள் சுருக்கமாக இருக்கட்டும்: ஃபோன்கள் ஒரு கூடையில், படம் கிடையாது, கேட்டதை வெளியே பேசக்கூடாது, அறிவுரை கிடையாது, பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. முன்பின் தெரியாதவரை அழைத்து வருகிறவர் அவருக்குப் பொறுப்பேற்க வேண்டும். டேட்டிங் ஆப்பில் பழகிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கும் ஊரில் இந்த எச்சரிக்கை அவசியம். தொடங்கும்போது இறந்தவரின் பெயரை எல்லோரும் ஒருமுறை சொல்லுங்கள். முடிவில் டீ, பருப்பு வடை வைத்து அரை மணி நேரம் சும்மா இருக்கவிடுங்கள். வட்டத்தில் பேசாதவர்கள் டீ கிளாஸோடு ஜன்னலோரம் நிற்கும்போதுதான் வாய் திறப்பார்கள்.

மொழி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சென்னையில் பல கூட்டங்கள் ஆங்கிலத்துக்கு நழுவிவிடும். வியாசர்பாடியிலிருந்து வந்தவர் ஓ.எம்.ஆர். ஐடிக்காரர்களுக்கு நடுவே வாயடைத்து உட்கார்ந்திருப்பார். துக்கத்தைத் தாய்மொழியில்தான் சொல்ல வரும். தமிழில் தொடங்குங்கள், தமிழில் முடியுங்கள். சாதியும் கதவுக்கு வெளியே நிற்பதில்லை. தலித் இளைஞர் ஒருவர் இறந்தபோது அவர் சாதியால் பட்டதையும் சேர்த்துப் பேசினால், "இங்கே அது வேண்டாம்" என்று வாயை மூடாதீர்கள். மூடினால் அவருடைய நண்பர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம்.

யாரிடம் போவது என்று தெரியாதவர்களுக்குச் சில வாசல்கள்: 2003-இல் தொடங்கிய ஓரினம் தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல்களையும் நட்பான ஆலோசகர்கள் பட்டியலையும் வைத்திருக்கிறது. சகோதரன் 1998 முதல் இயங்குகிறது. நிறங்கள், சென்னையில் பால்புதுமையினருக்காக வேலை செய்யும் அமைப்பு. வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்கு பி.சி.வி.சி. என்ற அமைப்பு. பிள்ளையை இழந்த, அல்லது பிள்ளையை இப்போதுதான் புரிந்துகொள்ளும் பெற்றோருக்கு ஸ்வீகார் என்ற பெற்றோர் குழு. திருநங்கைகளுக்கு ஜமாத்தே முதல் தாங்கல், அரசு சார்பில் 2008-இல் அமைந்த திருநங்கைகள் நல வாரியம்.

ஆலோசகரைத் தேடும்போது

இரண்டு மாதம் கழித்தும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் நண்பர்களால் மட்டும் ஆகாது. ஆலோசகரிடம் போகும் முன் ஃபோனில் மூன்று கேள்வி கேளுங்கள். எங்களைப் போன்றவர்களோடு ஏற்கெனவே வேலை செய்திருக்கிறீர்களா? நான் சொல்வதை வீட்டாரிடம் சொல்வீர்களா? தன்பாலீர்ப்பை மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்களா? மூன்றாவதுக்கு "முயற்சி பண்ணலாம்" என்று பதில் வந்தால் ஃபோனை வையுங்கள். அப்படி 'மாற்றும்' சிகிச்சையை மருத்துவர் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். பணமில்லை என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. பாலீர்ப்பைக் காரணம் காட்டி மனநலச் சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ஏ சொல்கிறது.

தூரத்துச் செய்தியும் இப்படி அடிப்பது உண்டு. 2016 ஜூன் 12 அன்று அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் பல்ஸ் என்ற, பால்புதுமையினர் கூடும் இரவு விடுதியில் 49 பேர் கொல்லப்பட்டபோது, அந்த ஊரைப் பார்த்தே இராதவர்களும் இங்கே உடைந்துபோனார்கள். "உனக்கென்ன அவங்கள தெரியுமா" என்று கேட்காதீர்கள். அப்படியான நாட்களில் ஃபோனை மூடிவைத்துவிட்டு யாருடனாவது போய் உட்காருங்கள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது காயத்தை ஆழமாக்கும்.

பணம்

திரட்டுகிறவர்கள் இருவராக இருக்கட்டும், கணக்கு ஒருவர் பெயரில், வரவுசெலவுத் தாள் மற்றவர் கையில். எதற்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லி, அந்தத் தொகை வந்ததும் நிறுத்திவிடுங்கள். மிச்சம் யாருக்கு என்பதையும் முன்பே எழுதுங்கள். துக்கத்தில் பிரிந்த நட்புகளில் பாதி இந்த மிச்சத்தால் பிரிந்தவை. துணைக்கு முதலில் தேவைப்படுவது வாடகை. ஒப்பந்தம் இறந்தவர் பெயரில் இருந்தால், வீட்டார் சாமான் எடுக்க வருவதற்கு முன் துணையின் பொருட்களை ரசீதோடு பட்டியல் போட்டு, ஓனரிடம் ஒரு மாத அவகாசம் கேளுங்கள்.

இருக்கிறவர்கள் எழுதி வைக்க வேண்டியவை

அடுத்த சாவு வருவதற்கு முன் செய்யக்கூடியது இது, யாருக்கும் மனம் வராது. கூட்டத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கினால்தான் நடக்கும். முதலாவது, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14: ஒரு வெள்ளைத்தாளில் "எனக்காக முடிவெடுக்க இவரை நியமிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும், மனநல மருத்துவமனையில் துணை உங்கள் பிரதிநிதி ஆகலாம். முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டாவது, வங்கி. சேர்ந்து கணக்கு வைக்கவும் துணையை நாமினியாகப் போடவும் தடையில்லை என்று மத்திய நிதித்துறை 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், சொந்தக்காரர் அல்ல. வாரிசுகள் வந்து கேட்கலாம். காப்பீட்டிலும் அப்படியே. ஆகவே மூன்றாவதாக உயில். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பலன் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் வீட்டார் மறுப்பது கடினம்.

வருடம் முழுக்க

முதல் மாதம் எல்லோரும் இருப்பார்கள். மூன்றாவது மாதம் ஃபோன் நின்றுவிடும், அப்போதுதான் நிஜமான பாரம். உங்கள் ஃபோனில் இன்றே நினைவூட்டல் வையுங்கள்: நாற்பதாம் நாள், இறந்தவரின் பிறந்தநாள், அவர்கள் சேர ஆரம்பித்த நாள், தீபாவளிக்கு முந்தின இரவு, பால்புதுமையினரின் ஜூன் மாதப் பேரணி. பேரணியில் அவருடைய படத்தை ஏந்திப் போகலாம், ஆனால் வீட்டுக்குத் தெரியாதவர் என்றால் படம் வேண்டாம், பெயரின் முதல் எழுத்து போதும். வன்முறைக்குப் பலியான திருநர்களுக்கான நினைவு நாள் நவம்பர் 20. அன்று மெழுகுவத்தி ஏற்றும் இடத்துக்கு, துணையைத் தனியாக வரச்சொல்லாமல் வீட்டுக்கே போய் அழைத்து வாருங்கள்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். துணையை இழந்தவர்கள் இறந்தவரின் எண்ணுக்கு ஃபோன் செய்து பார்ப்பார்கள், வாட்ஸ்அப் குரல் செய்திகளை இரவில் கேட்பார்கள். ரீசார்ஜ் இல்லாமல் 90 நாள் கிடந்தால் எண் முடக்கப்படலாம், பிறகு வேறு யாருக்கோ போய்விடும். ஒரு நாள் அந்த எண்ணிலிருந்து முன்பின் தெரியாத குரல் "யாருங்க?" என்று கேட்கும். பயன்படுத்தாத வாட்ஸ்அப் கணக்கும் 120 நாளில் போய்விடும். ஆகவே முதல் வாரத்திலேயே, துணையின் ஃபோனில் இருக்கும் குரல் செய்திகளை ஒவ்வொன்றாகச் சேமித்து, ஒரு பென் டிரைவிலும் இன்னொரு நண்பரின் கணினியிலும் போட்டு வையுங்கள். "சாப்டியா" என்று மட்டும் கேட்கும் நான்கு நொடிச் செய்தியையும் விட்டுவிடாதீர்கள்.